கனடாவுல வேலை பார்த்த வருஷம் எல்லாம் பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) கணக்குல ஏறாது, பிள்ளைய அனுப்பும் முன்ன இத வாசியுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தக்கலை பக்கத்துல உள்ளவன். 21 வருஷம் சவுதியில வெல்டிங் பார்மேனா இருந்துட்டு பைனல் எக்ஸிட் அடிச்சு ஊருக்கு வந்தவன். உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் ஒரு கடிதமும் எழுதினது இல்ல, இது பெருசா போயிரும்னு தெரியும், ஆனாலும் முழுசா போடுங்கன்னு கேட்டுக்கிடுகேன், ஏன்னா நம்ம மாவட்டத்துல இருந்து படிக்கன்னு சொல்லி வெளிநாடு போற பிள்ளைங்க வீட்டுல எல்லாம் இந்த ஒரு விஷயம் தெரியாமத்தான் லோன் பேப்பர்ல கையெழுத்து போடுறாங்க. நானும் அப்படித்தான் போட்டேன்.

எங்க காலத்துல கணக்கு சுலபம். கல்ஃப்ல ஒரு கம்பெனியில எத்தனை வருஷம் நின்னோமோ அத்தனை வருஷம் சர்வீஸ், கடைசியில அதுக்கு ஏத்த சர்வீஸ் பணம். என்ன வேலை பார்த்த, வாரம் எத்தனை மணி நேரம் பார்த்தன்னு எவனும் கேட்கப் போறது இல்ல. எத்தனை வருஷம் இக்காமா, அதாவது அங்க தங்குற பெர்மிட்டு, புதுக்கினாலும் அந்த ஊரு நமக்கு சொந்தம் ஆகாது, அது தெரிஞ்சுதான் போனோம். அதனால பையன் கனடான்னு சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். படிச்சு முடிச்சு 1 வருஷம் வேலை பார்த்தா பிஆர் போடலாம்னு சொன்னாங்க, அந்த '1 வருஷம் வேலை'ங்கிறத என் சவுதி சர்வீஸ் மாதிரியே நான் எடுத்துக்கிட்டேன். அங்கதான் எனக்கு தப்பு வந்துச்சு.

பையன் பிஇ மெக்கானிக்கல். 2018 ஜூன்ல இருந்து 2021 நவம்பர் வரைக்கும் நாகர்கோவில் பக்கம் ஒரு கம்பெனியில சிஎன்சி மெஷின்ல வேலை பார்த்தான், பேரு வேண்டாம். 2022 ஜனவரியில ஒன்டாரியோவுல 2 வருஷ டிப்ளமாவுக்கு போனான். ரப்பர் நிக்கிற 40 சென்டை ஈடு வச்சு பீஸ் கட்டினோம், அதுபோக அங்க உள்ள செலவுக்கு முன்கூட்டியே காட்டுற டெபாசிட்டு, ஜிஐசின்னு பேரு, 10,000 டாலர் அங்க பேங்க்ல போட்டோம், அப்ப அவ்வளவுதான், பிறகு 2024ல அத 20,635 ஆக்கிட்டாங்க. 2023 டிசம்பர்ல படிப்பு முடிஞ்சு 3 வருஷ ஒர்க் பெர்மிட் கிடைச்சுது. படிக்கும்போதே ஒரு பெட்ரோல் பங்க் கடையில கேஷ் கவுண்டர்ல நின்னான், படிப்பு முடிஞ்ச பிறகும் 2024 முழுசும் அதே கடையில முழு நேரமா நின்னான். நானும் என் வீட்டுக்காரியும் இங்க விரல் மடக்கி எண்ணிட்டு இருந்தோம், படிக்கும்போது பார்த்தது ஒண்ணே முக்கால் வருஷம், முடிச்சு பார்த்தது 1 வருஷம், ஆக மொத்தம் ரெண்டே முக்கால், 1 வருஷம் போதும்னு சொன்ன இடத்துல நம்ம பையன் ரெண்டே முக்கால் வச்சிருக்கான்னு.

2024 டிசம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டு நாள், ஸ்டார் கூட கழட்டல. காலையில 6 மணிக்கு நான் சாயா குடிச்சிட்டு இருக்கேன், வீடியோ கால்ல வந்தான், அங்க முந்தின நாள் ராத்திரி. "அப்பா, ஒரு காரியம் சொல்லுகேன், அம்மைகிட்ட இப்ப சொல்லாண்டாம்"னு ஆரம்பிச்சான். லேப்டாப்ப திருப்பி காட்டினான். அங்க உள்ள ஒவ்வொரு வேலைக்கும் 5 இலக்க கோடு ஒண்ணு இருக்கு, என்ஓசின்னு பேரு. கேஷியருக்கு 65100. ரெண்டாவது வர்ற அந்த 5 தான் வேலையோட தரம், டியர்னு சொல்லுறாங்க, 0ல இருந்து 5 வரைக்கும் இருக்கு. கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்ல, அதாவது அங்க வேலை பார்த்த அனுபவத்த வச்சு போடுற பிரிவுல, பிஆர் போடணும்னா 0, 1, 2, 3 இந்த நாலு தரத்துல உள்ள வேலைதான் செல்லும். 4ம் 5ம் செல்லாது. கேஷியர், பெட்ரோல் அடிக்கிறவங்க, கடையில சாமான் அடுக்குறவங்க எல்லாம் 5. கடையில சேல்ஸ்ல நிக்கிறது 4. அதனால 2024 முழுசும் பார்த்த வேலை பூஜ்யம். படிக்கும்போது பார்த்தது? அது கோடு வரைக்கும் கூட போகல, முழுநேர மாணவனா இருக்கும்போது பார்த்த எந்த வேலையும், நல்ல தரத்து வேலையா இருந்தாலும் சரி, இந்த கிளாஸ்ல கணக்குல வராது. ரெண்டே முக்கால்னு நாங்க எண்ணினதுல ஒரு நாள் கூட மிச்சம் இல்ல.

"அப்பம் இத்தனை நாளு நின்னது எல்லாம் போச்சா மக்களே?"ன்னுதான் கேட்டேன். அவன் பதில் சொல்லல. நாலு மணி நேரம் கழிச்சு அவன் அம்மைகிட்ட நானே சொன்னேன், மறைக்க முடியல, அவ அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல.

இதுல பையன் மேல எனக்கு கோபம் கிடையாது. வாடகை கட்டணும், இங்க வட்டி கட்டணும், கிடைச்ச வேலையத்தான் அவன் பிடிப்பான். பீஸ் கட்ட வச்ச ஆளு, எந்த காலேஜ்னு முடிவு பண்ணிக் குடுத்த ஆளு, விமானம் ஏறுற வரைக்கும் தினம் போன் பண்ணின ஆளு, அவரு ஒரு தடவை இத சொல்லியிருக்கணும். செட்டிகுளம் ஜங்ஷன்ல இருந்து மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு கீழ வரைக்கும் எத்தனை போர்டு பாருங்க, விசா, ஐஇஎல்டிஎஸ், லோன், ஏர் டிக்கெட் எல்லாம் எழுதியிருக்கும், எந்த வேலை செல்லும் எந்த வேலை செல்லாதுன்னு ஒரு போர்டு நான் பார்த்தது இல்ல. இன்னொண்ணும் பையன் சொல்லித்தான் தெரியும், கனடா குடியேற்றத்துக்கு பைசா வாங்கிட்டு ஆலோசனை சொல்லணும்னா அந்த நாட்டு சட்டப்படி ஒண்ணு வக்கீலா இருக்கணும் இல்லாட்டி லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட்டா இருக்கணும், 2021 நவம்பர்ல இருந்து அதுக்குன்னு தனி அமைப்பு இருக்கு, லைசென்ஸ் உண்டா இல்லையான்னு அவங்க வெப்சைட்லயே பேரு போட்டு பார்த்துக்கிடலாம். காலேஜ் சீட்டு வாங்கித் தர்ற ஏஜென்ட் வேற, இது வேற. நாங்க ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சோம்.

இப்ப எனக்கு தெரிஞ்சத சொல்லுகேன், வாசிக்கிறவங்க பிள்ளைங்ககிட்ட ஒரு தடவை பேசிக்கிடுங்க. அந்த 1 வருஷம்ங்கிறது 1,560 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி வீதம் 52 வாரம். வாரம் 60 மணி நேரம் உழைச்சு 6 மாசத்துல முடிச்சிரலாம்னு சில பிள்ளைங்க ராத்திரி பகலா நிக்கிறாங்க, நடக்காது, வாரத்துக்கு 30க்கு மேல உள்ளத அவங்க எடுக்க மாட்டாங்க. பார்ட் டைமா வாரம் 15 மணி பார்த்தா 2 வருஷம் ஆகும், அது செல்லும். ஒரே முதலாளிகிட்ட இருக்கணும்னு இல்ல. அப்ளிகேஷன் போடுறதுக்கு முந்தின 3 வருஷத்துக்குள்ள பார்த்திருக்கணும். சொந்தமா தொழில் பண்ணினா இந்த கிளாஸ்ல செல்லாது. பெர்மிஷன் இல்லாம பார்த்த வேலையும் செல்லாது. கையில கேஷா சம்பளம் வாங்குற வேலை நிறைய பிள்ளைங்க பண்ணுறாங்கன்னு கேள்வி, டாக்ஸ் பிடிக்காம கூட ரெண்டு டாலர் நிக்குமேன்னு, ஆனா பே ஸ்லிப் இருக்காது, வருஷம் முடிஞ்சதும் முதலாளி குடுக்கிற டி4ங்கிற சம்பள, டாக்ஸ் கணக்கு பேப்பரும் வராது, நாளைக்கு அந்த வேலைய பார்த்தேன்னு எதை வச்சு காட்டுவாங்க?

அதுபோக படிப்பு முடிச்சதுக்கு குடுக்கிற அந்த ஒர்க் பெர்மிட்டு வாழ்க்கையில ஒரு தடவைதான். முடிஞ்சா முடிஞ்சதுதான், இன்னொரு படிப்பு படிச்சு திரும்ப வாங்க முடியாது. அதனால 3 வருஷத்துல ஒரு வருஷத்த செல்லாத வேலையில விட்டா அது சின்ன நஷ்டம் கிடையாது. இப்ப போற பிள்ளைங்களுக்கு இன்னும் இறுக்கம், 2024 நவம்பர் 1ல இருந்து பெர்மிட்டு வாங்கவே இங்கிலீஷ் மார்க்கு காட்டணும், காலேஜ் டிப்ளமான்னா எந்த சப்ஜெக்ட்னும் பார்க்கிறாங்க, லிஸ்ட்ல இல்லாத சப்ஜெக்ட்டுன்னா பெர்மிட்டு கிடையாது. படிக்கும்போது வாரம் 24 மணி நேரம்தான் வெளிய வேலை. 2022 நவம்பர்ல இருந்து 2024 ஏப்ரல் வரைக்கும் மணிக்கணக்கு இல்லாம விட்டிருந்தாங்க, அந்த காலத்துல போனவங்க சொல்லுறத கேட்டு இப்ப போகாதீங்க.

கோடு விஷயத்துல ஒரு நல்ல காரியமும் உண்டு, அதையும் சொல்லணும். கருங்கல் பக்கத்துல எங்க சொந்தத்துல ஒரு பிள்ளை, நர்சிங் படிச்சவ, அங்க போய் வயசானவங்கள பார்க்கிற வேலையில சேர்ந்தா. நர்சிங் முடிச்சிட்டு ஆயா வேலையான்னு ஊருல பேசினாங்க, அவ அம்மைக்கு ரொம்ப வெப்ராளம். அந்த வேலையோட கோடு 33102, 3ஆம் தரம், 2022 நவம்பர் 16ல கணக்க மாத்தினப்ப அது செல்லுற வேலைக்குள்ள வந்துட்டு. லாரி ஓட்டுற வேலையும் அப்பத்தான் வந்துச்சு. ஓட்டல்ல குக்குன்னா செல்லும், கவுண்டர்ல சாப்பாடு எடுத்துக் குடுக்கிறதுன்னா செல்லாது, ரெண்டு பேரும் ஒரே ஓட்டல்லதான் நிப்பாங்க. வெளிய பார்க்க எது கவுரவமா தெரியுதுன்னு வச்சு இத கணக்கு போட முடியாது, அந்த கோட்ட திறந்து அதுக்கு கீழ என்னென்ன வேலை எழுதியிருக்குன்னு வாசிச்சுத்தான் பார்க்கணும்.

கோட்ட வாசிச்ச பிறகு ஒரு சபலம் வரும், அதையும் மறைக்காம சொல்லுகேன். அங்க ஒரு ஆளு பையன்கிட்ட, "கேஷியர்னு எதுக்கு போடுற, சூப்பர்வைசர்னு லெட்டர் வாங்கித் தாரேன், பைசா மட்டும் குடு"ன்னு கேட்டிருக்கான். சூப்பர்வைசர் 62010, 2ஆம் தரம், செல்லும். வட்டி ஏறிட்டு இருக்கிற நேரம், பையன் என்கிட்ட கேட்டான், என்னப்பா செய்யட்டும்னு. செய்யாண்டாம்னு சொன்னேன். அவங்க பாக்குறது பதவி பேர இல்ல, செஞ்ச வேலைய. பொய்யின்னு கண்டுபிடிச்சா 5 வருஷத்துக்கு அந்த நாட்டுக்குள்ள காலு வைக்க முடியாது. 40 சென்டுதான போகும், போகட்டும்னு சொன்னேன். இப்ப அவன் 2025 பிப்ரவரியில இருந்து ஒரு பேக்டரியில மெஷினிஸ்ட், கோடு 72100, 2ஆம் தரம், அவன் படிச்ச வேலை. வர்ற பிப்ரவரியில 1 வருஷம் ஆகும். பெர்மிட்டு 2027 ஜனவரி வரைக்கும்.

இனி சொல்லப் போறதுதான் இந்தக் கடிதத்தையே எழுத வச்சுது, இது கனடா மேல உள்ள புகார் இல்ல, நம்ம ஊரு முதலாளிமாருக்கு உள்ளது.

பிஆருக்கு பேரு குடுத்தவங்கள வயசு, இங்கிலீஷ், வேலைன்னு பாயின்ட் போட்டுத்தான் கூப்பிடுறாங்க, அதுல இங்க பார்த்த வேலைக்கும் மதிப்பு உண்டு. இது எனக்கு போன வருஷம் வரைக்கும் தெரியாது. கடைசி 10 வருஷத்துக்குள்ள நல்ல தரத்துல பார்த்த வேலைன்னா அதுக்கு பாயின்ட் உண்டு, 3 வருஷம் இருந்து இங்கிலீஷ் மார்க்கும் நல்லா இருந்தா அதுக்கு மட்டும் 50 பாயின்ட். பையனுக்கு ஐஇஎல்டிஎஸ்ல லிசனிங் 8, மத்தது மூணும் 7, அது போதும். தனியா இருக்கிற ஆளுக்கு கனடாவுல 1 வருஷம் பார்த்த வேலைக்கே 40 பாயின்ட்தான், 2 வருஷம்னா 53. அப்ப நாகர்கோவில்ல அவன் பார்த்த 3 வருஷம் 5 மாசத்துக்கு என்ன விலைன்னு பாருங்க. இன்னும் ஒண்ணு, ஃபெடரல் ஸ்கில்ட் ஒர்க்கர்னு இன்னொரு வழி இருக்கு, அதுக்குன்னு உள்ள தனி கணக்குல 100க்கு 67 எடுத்தா உள்ள பேரு குடுக்கலாம், அதுக்கு கனடா வேலையே வேண்டாம், இங்க பார்த்தது போதும், பேங்க்ல பணம் காட்டணும். பையன் போட்டு பார்த்தப்ப 73 வந்துச்சு. கூப்பிடுவாங்களா இல்லையாங்கிறது அப்புறம், 2024ல கேஷ் கவுண்டர்ல நிக்கும்போதே பேரு குடுத்து வச்சிருக்கலாம்.

ஏன் குடுக்கல? அவன் கையில உள்ளது ரெண்டு வரி சர்டிபிகேட்டு. எங்க வீட்டு இரும்பு பெட்டியில பிஇ சர்டிபிகேட்டுக்கு கீழ வச்சிருக்கோம், நான் இப்ப எடுத்து பக்கத்துல வச்சுத்தான் எழுதுகேன். கம்பெனி பேரு மேல இருக்கு. மேற்படி நபர் எங்களிடம் இந்த தேதி முதல் இந்த தேதி வரை வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர், அவ்வளவுதான். கீழ ஊதா மையில ஒரு ரவுண்டு சீலு, கையெழுத்து மேல சீலு விழுந்து கையெழுத்து யாருதுன்னு தெரியல, பேரும் போடல. அங்க கேட்கிறது என்னன்னா லெட்டர்ஹெட்ல பதவி என்ன, தினம் என்னென்ன வேலை செஞ்சான், வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், கையெழுத்து போடுறவங்க பேரு, பதவி, போன் நம்பர். நம்ம சர்டிபிகேட்டுல தேதிய தவிர அதுல ஒண்ணும் இல்ல.

நான் பைக்க எடுத்துட்டு மூணு தடவை போனேன். முதல் தடவை முதலாளி இல்ல. ரெண்டாவது தடவை, "சர்டிபிகேட்டு குடுத்தாச்சுல்லா அண்ணாச்சி, பொறவு என்னத்துக்கு?"ன்னாரு. மூணாவது தடவை பையன் அனுப்பின மாதிரிய பிரின்ட் எடுத்து கொண்டு போனேன், உட்கார வச்சாரு, சாயா வாங்கித் தந்தாரு, பேப்பர முழுசும் வாசிச்சாரு. எல்லாத்தையும் எழுதலாம், சம்பளத்த மட்டும் எழுத முடியாதுன்னாரு. ஏன்னா பையனுக்கு சம்பளம் 14,000 ரூபா கவர்ல கையில குடுத்தது, பேங்க்ல போடல. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு இருந்தா பிஎஃப் பிடிக்கணும், அவருகிட்ட அதுக்கு மேலேயே ஆளு உண்டு, புத்தகத்துல கம்மி. லெட்டர்ல சம்பளம் எழுதி கையெழுத்து போட்டா அது நாளைக்கு அவருக்கு எதிரா வரும்னு பயம். அவரு கெட்ட மனுஷன் இல்ல, பையன் போகும்போது கையில 5,000 ரூபா குடுத்து விட்டவரு. ஆனா என் பையன் 3 வருஷம் 5 மாசம் அந்த மெஷின் முன்ன நின்னது கடவுளுக்கும் எங்களுக்கும்தான் தெரியும், பேப்பருக்கு தெரியாது.

லெட்டர் கிடைக்காட்டி ஏன் கிடைக்கலைன்னு விளக்கம் எழுதி, கூட வேலை பார்த்தவங்க அபிடவிட்டு, பேங்க் கணக்கு, வேற ஆதாரம் வைக்கலாம்னு சொல்லுறாங்க, ஏத்துக்கிடுறது அந்த அதிகாரி பாடு. கவர்ல வாங்கின சம்பளத்துக்கு பேங்க் கணக்குக்கு எங்க போக.

இது என் பையன் ஒருத்தனோட கதை இல்லங்க ஐயா. நம்ம மாவட்டத்துல பிஇ முடிச்சவன், நர்சிங் முடிச்சவ, பிஎட் முடிச்சவங்கன்னு எத்தனை பேரு தனியார் ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, ஒர்க்ஷாப்ல கையில சம்பளம் வாங்கிட்டு வருஷக்கணக்கா உழைக்கிறாங்க. சிலர்கிட்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டையே வாங்கி வச்சுக்கிட்டு போகும்போது இழுத்தடிக்கிறதும் நடக்குது. வெளிநாடு போறவன் போட்டும்னு நினைக்கலாம், ஆனா கனடா மட்டும் இல்ல, ஆஸ்திரேலியாவுலயும் வெளிய பார்த்த வேலை 3 வருஷம்னா 5 பாயின்ட், 5 வருஷம்னா 10, 8 வருஷம்னா 15ன்னு குடுக்கிறாங்க, அதுக்கும் இதே மாதிரி லெட்டர்தான். ஜெர்மனியில அங்கயே யுனிவர்சிட்டி முடிச்சவங்க படிப்புக்கு ஏத்த வேலையில 2 வருஷம் பென்ஷன் கட்டி, ஜெர்மன் பாஷையில பி1 லெவல் இருந்தா நிரந்தரமா தங்க கேட்கலாம், அங்கயும் எந்த வேலைன்னு பார்ப்பாங்க. லண்டன்ல படிச்சு முடிச்சு கிராஜுவேட் விசாவுல நிக்கிற காலம், பிறகு ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவுல நின்ன வருஷத்த காட்டி நிரந்தரமா கேட்கும்போது அந்த கணக்குல சேராது, இது எத்தனை வீட்டுல தெரியும்? ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேற வேற, எந்த நாட்டுக்கு போறாங்களோ அந்த அரசாங்கத்தோட வெப்சைட்ட பிள்ளைங்கள பக்கத்துல உட்கார வச்சு வாசிக்கச் சொல்லி கேளுங்க. ரூல் மாறிட்டேதான் இருக்கு, 2025 மார்ச் 25ல வேலை ஆஃபருக்கு குடுத்த பாயின்ட்டையே கனடா எடுத்துட்டு.

முதலாளிமாருகிட்ட நான் கேட்கிறது தானம் இல்ல. சம்பளத்த பேங்க்ல போடுங்க, மாசம் ஒரு ஸ்லிப் குடுங்க, போகும்போது அவன் செஞ்ச வேலைய செஞ்ச மாதிரியே ஒரு பக்கம் எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. நம்ம இன்ஜினியரிங் காலேஜ்ல பிளேஸ்மென்ட் பார்க்கிற சாருமாரு கடைசி வருஷ பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் நாள் வேலைக்கு போகும்போதே என்னென்ன பேப்பர் வாங்கி வைக்கணும்னு சொல்லிக் குடுக்கணும். அயலகத் தமிழர் நலத்துறைன்னு அரசாங்கத்துல ஒண்ணு இருக்கு, அவங்க நாகர்கோவில்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பெத்தவங்கள உட்கார வச்சு பேசினா எவ்வளவோ வீடு தப்பும்.

பையனுக்கு வர்ற மார்ச்சில 30 வயசு ஆகும், அன்னைக்கு வயசு பாயின்ட் 110ல இருந்து 105 ஆகும், அதுக்கு பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் குறைஞ்சுட்டே போகும். அதனால அடுத்த திங்கக்கிழமை நான் நாலாவது தடவை அந்த கம்பெனிக்கு போறேன், சம்பள வரிய மட்டும் எப்படி எழுதலாம்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுகேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. உங்ககிட்ட ஒரு உதவி கேட்கணும். அந்த லெட்டர் எப்படி இருக்கணும்னு ஒரு மாதிரி, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல ஒரு தடவை பெட்டி கட்டி போடுங்க, வெட்டி எடுத்துட்டு போய் முதலாளி மேஜையில வைக்கிற மாதிரி. என்கிட்ட உள்ள மாதிரிய நான் இந்தக் கடிதத்தோட இணைச்சிருக்கேன், பையன் பேரையும் கம்பெனி பேரையும் அடிச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிடும் ஒரு தகப்பன்,
தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.